கடைசி அறையின் சிக்னல்

ரிஃப்கா இத்தா இருக்கத் தொடங்கி அன்றைக்கு எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது அவர்கள் முறை. அதனால்தான் அந்த வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள்.

அய்யம்பேட்டையில் தியாகராசன் அண்ணன் நடத்தும் பிராட்பேண்ட் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அவர் முன்பு கேபிள் டிவி நடத்தியவர். இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் ஓடுகிறது. இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்த என்னை முதலில் போனில் புகார் கேட்கும் வேலையில் உட்கார வைத்தார். எனக்குப் பேச்சு வராது என்பது ஒரு வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ரௌட்டர்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்.

"சக்கராப்பள்ளியில மீரா உசேன் பாய் வீடு. கடைசி ரூமுக்கு நெட்டு வரலையாம். நம்ம பயலுக உள்ள போக முடியாது. நீ போ மங்கை. பேசவெல்லாம் வேணாம், அளந்து காட்டிட்டு வந்துரு" என்றார். என் முழுப்பெயர் மங்களாம்பிகை. அதை அவர் சம்பளத்தன்று மட்டும்தான் சொல்வார்.

ரிஃப்காவின் மாமனார் மீரா உசேன் நெல் மண்டி வைத்திருப்பவர். குறுவை நடவு நடந்துகொண்டிருந்ததால் மண்டியில் வரத்து இல்லை. பகலிலும் வீட்டில்தான் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் "நான் கூப்பிடலையேம்மா" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஆயிஷா வந்து, ரிஃப்காதான் போன் பண்ணியிருக்கிறாள் என்றார். அவர் சற்று நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு வழிவிட்டார்.

"பழைய சுவரும்மா. எதை மாட்டினாலும் உள்ள போகாது. பார்த்துட்டு அதை அப்படியே அவகிட்ட சொல்லிடு" என்றார்.

உள்ளே போகும்முன் என் போனை ஹால் அலமாரியில் வைத்துவிட்டு வரச் சொன்னார் ஆயிஷா. துக்க வீட்டு வழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் போன்தான் என் அளவுகோல். அதில் இருக்கும் செயலியைத் திறந்து காட்டினேன். அவர் கணவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

வீடு நீளமானது. முன்னால் ஹால், பிறகு முற்றம், அதைத் தாண்டி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள், கடைசியில் ரிஃப்காவின் அறை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள். ஜன்னல் மேடையில் ஒரு குடத்தையே வைக்கலாம், அவ்வளவு கனம். ரௌட்டர் ஹாலில், தெருக்கதவுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது.

ரிஃப்கா பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்திருந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். சாயம்போன பருத்திச் சேலை. காதில், கையில் ஒன்றும் இல்லை. நான் பேசாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீயும் இத்தாவா? வாயே திறக்க மாட்டேங்குற" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று தெரியாமல் கீழே பார்த்தேன். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறவள் மாதிரி, உடனே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவளே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலை பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி அறிக்கைகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. அங்கே இருக்கும் தோழி ஒருத்தி பேசி, வீட்டிலிருந்தே செய்யும்படி ஓரிடம் கேட்டு வைத்திருந்தாள். நிறுவனத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை. வருகிற திங்கட்கிழமை காலை அவர்கள் அங்கிருந்தபடியே ரிஃப்காவின் லேப்டாப்பைச் சோதிப்பார்கள். இருபத்தைந்து எம்பிபிஎஸ் வேகம், ஒரு மணி நேரம் அறுபடாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"இத்தாவுல வேலை பார்க்கலாமான்னு மாமிதான் விசாரிச்சாங்க. வீட்டுக்குள்ள இருந்து செய்யிறதுக்குத் தடை இல்லன்னுட்டாங்க" என்றாள். பிறகு, "வேலை கிடைச்சா, இது முடிஞ்சதும் எங்க இருக்கணும்னு நான் சொல்லலாம். கிடைக்கலன்னா சீர்காழில எங்க அண்ணன் ஒண்ணு சொல்லும், இங்க மாமா ஒண்ணு சொல்லுவாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா சொல்லுறது நானா இருக்கணும் மங்கை" என்றாள்.

அவள் கணவர் அப்சர் ஓமானில் ஏசி மெக்கானிக். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை என்று அங்கிருந்து போன் வந்ததாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை.

"கஷ்டப்படாம போயிட்டாங்க. அது ஒண்ணை நினைச்சுத்தான் நானும் தூங்குறேன்."

நான் அளவைப் பார்த்தேன். சிக்னலின் வலிமை கழித்தல் எண்ணாக வரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க இருக்க நல்லது. ஹாலில் கழித்தல் முப்பத்தெட்டு இருந்தது. முற்றத்தில் ஐம்பத்தேழு. ரிஃப்காவின் அறையில் எழுபத்தாறு. ரௌட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கத் தெரியாது. இரண்டு புள்ளி நான்கு மெதுவானது, இரண்டு மூன்று சுவர்களை எப்படியாவது தாண்டிவிடும். கடைசி அறையில் ஐந்தின் பெயரே திரையில் வரவில்லை. இரண்டு புள்ளி நான்கில் என் போனுக்கு ஒன்பது எம்பிபிஎஸ் கிடைத்தது.

ரிஃப்காவின் லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. வைஃபையில் சேர்ந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்றது. அவள் போனும் அதையே சொன்னது.

"முற்றத்துல போய் நின்னாலும் இதேதான். போன் பழசு அண்ணின்னு ஃபஹத் சொல்லிட்டான்" என்றாள். ஃபஹத் அப்சரின் தம்பி, சென்னையில் இருக்கிறான். முதல் நாற்பது நாள் அவளுக்குப் போன் பார்க்கவே தோன்றவில்லை. அதன்பிறகு பார்த்தால் நெட் இல்லை. வீட்டில் வைஃபை இருக்கும்போது எதற்கு என்று சிம்முக்கு மாமா பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்திருந்தார்.

என் போனுக்கு ஒன்பது வருகிற இடத்தில் லேப்டாப்புக்கு ஒன்றாவது வர வேண்டும். அதை அப்போதே யோசித்திருக்கலாம். நான் சுவரைத் தேடி வந்தவள். சுவர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

கடைக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். அவர் ஷெல்ஃபின் மேல்தட்டிலிருந்து, ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ரௌட்டர் படம் போட்ட ஒரு பெரிய பெட்டியை இறக்கினார்.

"இதைக் குடு. ஆறு கொம்பு. எருமைக்கே ரெண்டுதான்."

அட்டையில் மூவாயிரம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது இரண்டு அலைவரிசையின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். சுவர் இல்லாத, பக்கத்து வீட்டு ரௌட்டர் இல்லாத ஓர் அறையில் கணக்கிட்டது. மீரா உசேன் வீட்டுக்கு வரும் லைனே நூறு எம்பிபிஎஸ்தான். மூவாயிரம் போகிற குழாய் என்றாலும் வருகிற தண்ணீர் நூறுதான். இதை அண்ணனிடம் வாயால் சொல்லத் தயங்கி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

"அப்ப வைஃபை செவனே குடுத்துருவோம். புதுசு" என்றார்.

அதிலும் ஒரு சிக்கல். ரௌட்டர் எந்தத் தலைமுறையாக இருந்தாலும், பேசுகிற இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த மொழியில்தான் பேச முடியும். ரிஃப்காவின் லேப்டாப் வைஃபை ஐந்து. ஆறோ ஏழோ மாட்டினால், அவை அதனுடன் ஐந்திலேயே பேசும். கொம்புகளின் எண்ணிக்கையாலும் தூரம் பெரிதாகக் கூடாது. எந்த ரௌட்டரும் இவ்வளவுதான் சத்தம் போடலாம் என்று அரசாங்கத்தின் வரம்பு இருக்கிறது. வரம்பே இல்லாமல் அது கத்தினாலும் பயன் இல்லை. லேப்டாப் மெல்லிய குரலில் சொல்கிற பதில், அதே சுவர்களைத் தாண்டித் திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

எனவே ஒரே பெட்டியை வாங்கி எவ்வளவு பலமாக்கினாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. இரண்டு பெட்டி கொண்ட மெஷ் செட் வேண்டும். ஒன்றை ஹாலிலும் இன்னொன்றைக் கடைசி அறையிலும் வைத்து, நடுவில் காற்றை நம்பாமல் கேபிளால் இணைக்க வேண்டும். வைஃபை ஆறில் விலை குறைந்த செட் ஒன்று எங்களிடமே இருந்தது. ஆறுதான் என்றில்லை, ஐந்தே போதும். ஆனால் ஐந்தில் இரட்டைப் பெட்டி எங்கள் கடையில் இல்லை.

"போட்டுப் பார்த்துட்டு, வந்தா எடுத்துக்கச் சொல்லு" என்றார் அண்ணன். பிறகு பில் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "இதை நீ வாயால சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் ஆயிருக்காது" என்றார்.

சனிக்கிழமை காலையில் போனேன். மீரா உசேன் வீட்டில் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று வயலுக்குப் போயிருந்தார். ஆயிஷா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, முற்றத்துத் தாழ்வாரத்தின் ஓரமாகக் கேபிளை இழுத்து ஆணி அடித்தேன். இரண்டு அறைகளின் கதவு நிலைக்கு மேலே இருந்த காற்றுத் துளைகள் வழியாகக் கேபிள் போய்விட்டது. சுவரைத் துளைக்க வேண்டியிருக்கவில்லை. ரிஃப்கா உள்ளேயிருந்து கேபிளின் முனையைப் பிடித்து இழுத்தாள்.

பழைய ரௌட்டரை எடுக்கவில்லை. ஃபைபர் அதில்தான் வந்து சேர்கிறது. புதுப் பெட்டிகளை அதன்கீழ் வைத்து, வருவதை அப்படியே வாங்கிப் பரப்பும்படி மட்டும் அமைத்தேன்.

கடைசி அறையில் பெட்டியின் விளக்கு பச்சையானது. அளந்தேன். கழித்தல் நாற்பத்தொன்று. ஐந்து கிகாஹெர்ட்ஸும் முழுதாக இருந்தது. என் போனில் வேகம் தொண்ணூற்றிரண்டு. ரிஃப்காவிடம் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். கோடுகள் முழுதாக நிறைந்தன.

இணையம் இல்லை என்றது.

அணைத்துப் போட்டோம். அந்த வைஃபையை மறந்துவிட்டு மறுபடி சேரச் சொன்னோம். அவள் போனிலும் பார்த்தோம். கோடுகள் நிறைந்திருந்தன. உள்ளே ஒன்றும் வரவில்லை. ஒரே பாயில், ஒரே பெட்டியின் கீழ், என் போனில் தொண்ணூற்றிரண்டு, அவளுடையதில் சுழியம்.

"இதுக்கும் சுவருதானா?" என்று கேட்டாள். குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை.

பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து ஹாலுக்கு வந்தேன். சுவர் ஆள் பார்த்து மறிக்காது. மறிப்பது வேறு ஏதோ. பழைய ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தை என் போனில் திறந்தேன். கடவுச்சொல் நாங்கள் போட்டுக் கொடுத்ததுதான், யாரும் மாற்றியிருக்கவில்லை. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் போடும் தடைப்பகுதி ஒன்று அதில் உண்டு. இந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. அந்தப் பகுதி இயக்கத்தில் இருந்தது. உள்ளே இரண்டு பெயர்கள். ஒன்று ரிஃப்காவின் போன். இன்னொன்று ரிஃப்காவின் லேப்டாப். எல்லா நாளும், எல்லா நேரமும்.

அழிப்பதற்கு ஒருமுறை தொட்டால் போதும். அதற்குள் தெருக்கதவு திறந்தது. மீரா உசேன் கால் கழுவிய ஈரத்தோடு உள்ளே வந்தார். கைலியின் ஓரத்தில் சேறு. என்னையும், மேலே தொங்கிய ரௌட்டரையும், என் கையிலிருந்த போனையும் பார்த்தார். ஆயிஷா அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

"பார்த்துட்டியா?" என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். ஃபஹத்திடம் சொல்லி அந்தத் தடையைப் போட வைத்தது அவர்தான். செய்தி வந்த மூன்றாம் நாள். அப்சர் தூக்கத்தில் சாகவில்லை. ரிஃப்காவுக்கு அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் போனை ஹால் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். யாரும் வாய் தவறவில்லை. தெரு முழுக்க அந்தப் பொய்யைச் சேர்ந்து தாங்கிக்கொண்டிருந்தது.

தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீடியோ சித்திரையில் எங்கள் கடைக்கும் வந்தது. மலைப்பக்கத்தில் எங்கோ பெய்த மழை. வறண்ட ஆற்றில் திடீரென்று செம்மண் வெள்ளம். நடுவில் ஒரு வேன். அதன் மேலே ஓர் ஆள் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கரையில் நிற்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு, தெரியாத மொழியில் ஏதோ சொல்கிறார்கள். யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்கும். கடைசியில் வேன் சாயும். தியாகராசன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, நம்ம பக்கத்து ஆளாம் என்றார். யார் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அவர் வீடியோவை ஓட விடவில்லை. போனைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"நான் இதை எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியாது. இந்த வீட்டுல நான் ஒருத்தன் பார்த்தது போதும்" என்றார்.

ஆயிஷாகூடப் பார்க்கவில்லையாம். ரிஃப்காவின் போனில் நெட் வந்த நிமிடத்திலேயே எல்லாம் வந்து விழும் என்று ஃபஹத் எச்சரித்திருந்தான். உறவுக்காரர்களின் குழுக்கள், அப்சருக்காக துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்டுப் போட்ட பதிவுகள், அடியில் அந்த வீடியோ. வேலை கிடைப்பதில் மீரா உசேனுக்கு மனத்தடை இல்லை. திங்கட்கிழமை அவள் தேற வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார். அதனால் என்னிடம் ஒன்று கேட்டார். போனை அப்படியே விட்டுவிடு. லேப்டாப்பில் அந்த நிறுவனத்தின் பக்கம் மட்டும் வருகிற மாதிரி செய்ய முடியுமா?

"முடியும் சார்" என்றேன்.

முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஆனால் முடியும். அனுமதித்த முகவரியைத் தவிர மற்றதெல்லாம் அடைபடும்படி செய்ய ஐந்து நிமிடம் போதும்.

"அப்ப அதைச் செஞ்சிரும்மா. போனுக்கு மட்டும் சுவருதான் காரணம்னு சொல்லிடு. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா நம்புவா."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறவள். கடைசி அறையில் அவள் லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாதித் தடையோடு அவள் வேலை பார்க்கலாம். அப்படியே எத்தனை நாளும் போகலாம். ஆனால் இத்தா முடிந்து அவள் வெளியே போகிற முதல் நாள், ஒரு பஸ்ஸிலோ சீர்காழியில் அண்ணன் வீட்டிலோ, வேறு யாருடைய வைஃபையிலாவது அந்தப் போன் சேரும்.

"செய்யிறேன் சார். ஆனா அக்கா கேட்டா சுவருன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தா முடியட்டும்மா. நானே சொல்லிடுறேன்."

"முடிஞ்சதும் வெளிய போவாங்க. போன் வேற எங்கயாச்சும் சேரும். நீங்க சொல்லுறதுக்கு முன்னாடி அதுவே சொல்லிடும் சார். அப்ப பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

அவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியது அப்போதுதான். அவர் கைலி ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "இப்ப எடுத்தா எவ்வளவு நேரத்துல வரும்?"

உடனே வந்துவிடும் என்றேன்.

"எடுக்காத. நான் முதல்ல போய் அவகிட்ட சொல்லிட்டு வரேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் எடுத்திரு. போனுக்கும் சேர்த்து."

உள்ளேயிருந்து ரிஃப்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வந்துவிட்டதா என்று கேட்டாள். மீரா உசேன் எழுந்து முற்றத்தைத் தாண்டி நடந்தார். நான் பின்னால் போனேன். வழக்கமாக அவர் முற்றத்திலேயே நின்று, ஆயிஷா மூலமாகத்தான் மருமகளிடம் எதையும் கேட்பார். அன்றைக்குக் கடைசி அறையின் வாசல்வரை போனார். அங்கே தரையில் உட்கார்ந்தார்.

ரிஃப்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழப்போனாள். உட்காரும்மா என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சுவருதானே?"

"இல்ல அக்கா" என்றேன். "சிக்னல் நல்லா வருது. உங்க போனையும் லேப்டாப்பையும் மட்டும் ரௌட்டர்ல தடுத்து வச்சிருக்கு. எடுத்துடலாம். திங்கக்கிழமைக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாய்த்தாள். தடுத்தது யார் என்று என்னிடம் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"நான்தாம்மா" என்றார் அவர்.

"ஏன் மாமா?"

ஆயிஷா அடுப்படியிலிருந்து வந்து, கணவரைத் தாண்டி உள்ளே போய், பாயில் ரிஃப்காவை ஒட்டி உட்கார்ந்தார். வேண்டாம் என்பதுபோலக் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரிஃப்கா காத்திருந்தாள். அவள் கையை ஆயிஷா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்சர் தூக்கத்துல மௌத்தாகலம்மா" என்றார் மீரா உசேன். "வேலைக்குப் போன வேன் காட்டாத்துல மாட்டிக்கிச்சு. மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் காட்டிக்கிட்டே இருந்திருக்கான். கரையில நின்னவங்க வீடியோ எடுத்தாங்க, யாரும் இறங்கல. வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு."